பிகாசாவிலிருந்து வெளியேறும்போது: கூகுள் ஃபோட்டோஸும் டிஜிகேமும் ஓர் எடைபோடல்

கம்ப்யூட்டரில் போட்டோக்களை அடுக்கவும் திருத்தவும் உதவிய பிகாசா மென்பொருளை வருடக்கணக்கில் பயன்படுத்தியவர்களுக்கு, கம்ப்யூட்டர் மாற்றும் நாளில்தான் விஷயம் தெரியவருகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்த போட்டோக்கள் அத்தனையும் புதிய லேப்டாப்புக்கு வந்துவிட்டன, எண்ணிக்கையும் சரியாக இருக்கிறது. ஆனால் முகங்களுக்குக் கீழே எழுதிவைத்த பெயர்களைக் காணோம். ஸ்டார் போட்டுப் பொறுக்கியவை எவை என்று தெரியவில்லை. ஓரம் வெட்டி, வெளிச்சம் கூட்டி வைத்த படம் கேமராவிலிருந்து வந்தபடியே நிற்கிறது. போட்டோ வந்திருக்கிறது, அதன்மேல் செய்த வேலை வரவில்லை.

2002இல் லைஃப்ஸ்கேப் என்ற சிறு நிறுவனம் உருவாக்கிய மென்பொருள் பிகாசா. 2004 ஜூலையில் கூகுள் அதை வாங்கி இலவசமாக்கியது. 2016 பிப்ரவரி 12 அன்று நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. மார்ச் 15 முதல் கம்ப்யூட்டர் மென்பொருளுக்கு ஆதரவு இல்லை. இணையத்தில் இருந்த பிகாசா வெப் ஆல்பம்ஸுக்கு மே 1 கெடு. கடைசியாக வந்தது 3.9.141 பதிப்பு. மாற்றாகக் காட்டப்பட்டது, 2015 மே மாதம் தொடங்கியிருந்த கூகுள் ஃபோட்டோஸ்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கூகுள் ஃபோட்டோஸ் போனில் எடுத்த படங்களைப் பத்திரமாக வைக்க நல்ல இடம். பிகாசாவின் இடத்தில் உட்காரக்கூடியது அது அல்ல. அந்த இடத்துக்கு ஓரளவு பொருந்துவது கேடிஇ என்ற மென்பொருள் குழுவினரின் இலவச மென்பொருளான டிஜிகேம். ஆனால் எதற்குப் போனாலும், புதிய மென்பொருளைத் திறப்பதற்கு முன் பிகாசாவுக்குள்ளேயே செய்து முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் போனால் டிஜிகேமாலும் ஒன்றும் செய்ய முடியாது.

வேலை எங்கே இருக்கிறது

பிகாசா ஒரு படத்தைத் திருத்தும்போது படத்தைத் தொடுவதில்லை. அந்த ஃபோல்டருக்குள், பெயர் புள்ளியில் தொடங்கும் ஒரு மறைவான ஐஎன்ஐ ஃபைலை வைத்து, அதில் ஒரு வரி எழுதிக்கொள்கிறது. சாதாரண எழுத்து ஃபைல்தான். நோட்பேடில் திறந்து பார்க்கலாம். ஒவ்வொரு போட்டோவின் பெயரும் சதுர அடைப்புக்குள் தலைப்பாக இருக்கும். அதன் கீழே இந்தப் படத்துக்கு ஸ்டார் உண்டு, இத்தனை தரம் திருப்பியிருக்கிறது, இந்த அளவுக்கு வெட்டியிருக்கிறது, நிறம் இவ்வளவு கூட்டியிருக்கிறது என்று வரிசையாக வரும். பிகாசா படத்தைக் காட்டும்போதெல்லாம் இந்த வரிகளைப் படித்து, திருத்தத்தை அந்த நொடியில் போட்டுக் காட்டுகிறது. மற்ற மென்பொருள்கள் பொதுவாக இதைப் படிப்பதில்லை என்பதால் அவற்றில் பழைய படமே தெரியும்.

முகங்களும் அப்படியே. முகத்தைச் சுற்றிய சட்டத்தைப் பதினாறு இலக்கமுள்ள ஓர் எண்ணாக எழுதிவைக்கிறது. அதை நான்கு நான்காகப் பிரித்தால் இடது, மேல், வலது, கீழ் என நான்கு ஓரங்கள். பதினாறை அடியாகக் கொண்ட முறையில் (0 முதல் 9, பிறகு a முதல் f) எழுதப்பட்ட எண் என்பதால், சாதாரண எண்ணாக மாற்றி 65535ஆல் வகுத்தால் படத்தின் அகல உயரத்தில் எத்தனை பங்கு என்று கிடைக்கும். உதாரணமாக 4000 2000 8000 6000 என்று இருந்தால் இடது ஓரம் கால் பங்கில், மேல் ஓரம் எட்டில் ஒரு பங்கில், வலது ஓரம் பாதியில், கீழ் ஓரம் எட்டில் மூன்று பங்கில். 4000க்கு 3000 பிக்சல் படத்தில் அந்த முகம் கிடைமட்டமாக 1000 முதல் 2000 வரை, செங்குத்தாக 375 முதல் 1125 வரை. ஒரு கண்ணி உண்டு: எண்ணின் முன்னால் வரும் சுழியங்களை பிகாசா எழுதாமல் விட்டுவிடும். பதினைந்து இலக்கமோ பதினான்கோ இருந்தால் இடப்பக்கம் சுழியம் சேர்த்துப் பதினாறாக்கிய பிறகே பிரிக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதியவர்களுக்கு, படத்தின் இடது ஓரத்தை ஒட்டி நிற்பவர்களின் முகங்கள் மட்டும் எங்கோ போய்விடும்.

அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஆளின் பெயர் இருக்காது, ஓர் அடையாளக் குறி மட்டும் இருக்கும். அந்தக் குறி யாருடையது என்பது விண்டோஸில் பயனரின் ஆப்டேட்டா, லோக்கல், கூகுள், பிகாசா2 என்று போகும் மறைவான ஃபோல்டருக்குள், கான்டாக்ட்ஸ் என்ற எக்ஸ்எம்எல் ஃபைலில் இருக்கிறது. சேகரிப்பின் முழு டேட்டாபேஸும் இதே பிகாசா2 ஃபோல்டரில். ஆல்பங்கள் பக்கத்திலேயே பிகாசா2ஆல்பம்ஸ் என்ற ஃபோல்டரில். போட்டோக்களை மட்டும் பென்டிரைவில் எடுத்தவர்கள் விட்டுவிட்டு வந்தது இந்த இரண்டையும்தான்.

படத்துக்குள்ளேயே எழுதப்பட்டவையும் உண்டு. ஜேபெக் படங்களுக்கு எழுதிய தலைப்பு வரியும் டேக்குகளும், படத்துக்குள் தகவல் எழுதுவதற்கென்றே உள்ள ஐபிடிசி பகுதியில் சேர்ந்துவிடும், வரைபடத்தில் குறித்த இடம் அதுபோன்ற எக்ஸிஃப் பகுதியில். இவை எங்கே போனாலும் கூடவே வரும். ஆனால் வீடியோவுக்கும் ரா படங்களுக்கும் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப் படங்கள்) கொடுத்த டேக்குகள் ஜேபெக் போல உள்ளே போய்ச் சேர்வதில்லை. ஸ்டார் எந்த வகைப் படத்திலும் உள்ளே போவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், யாரும் முன்கூட்டியே யோசிப்பதில்லை. பிகாசாவில் 'ஹைட்' கொடுத்து மறைத்த படங்கள் உண்மையில் மறைக்கப்படவில்லை. அந்த ஐஎன்ஐ ஃபைலில் மறைத்தது என்று ஒரு வரி, அவ்வளவுதான். வேறு மென்பொருளில் ஃபோல்டரைத் திறந்ததும் அவை எல்லோர் கண்ணிலும் படும். குடும்பக் கம்ப்யூட்டராக இருந்தால் அந்தப் படங்களை முதலில் தனி ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள்.

வெளியே எடுக்கும் வரிசை

முதலில் போட்டோ ஃபோல்டர்கள், பிகாசா2, பிகாசா2ஆல்பம்ஸ் மூன்றையும் முழுதாக வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்துவையுங்கள். படங்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்யக் கூடாது. மறைவான ஐஎன்ஐ ஃபைல் பின்தங்கிவிடும். ஃபோல்டரையே பிடித்து நகலெடுத்தால் அதுவும் சேர்ந்து வரும். போட்டோக்கள் இருந்த டிரைவ் எழுத்தையும் மாற்றாதீர்கள். பிகாசாவின் டேட்டாபேஸ் முழு முகவரியாக எழுதிவைத்திருப்பதால், டி டிரைவில் இருந்தது ஈ டிரைவுக்குப் போனால் எல்லாவற்றையும் புதிதாக வந்ததென்று நினைத்து முதலிலிருந்து தேடத் தொடங்கும்.

அடுத்தது ஸ்டார். மேலே உள்ள ஸ்டார் வடிகட்டியை அழுத்தினால் ஸ்டார் போட்டவை மட்டும் நிற்கும். அனைத்தையும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலும் டியும் அழுத்தி டேக் பலகையைத் திறந்து, 'நட்சத்திரம்' என்று ஒரு டேக் கொடுங்கள். ஸ்டாருக்குப் படத்துக்குள் போக வழியில்லை, டேக்குக்கு உண்டு. ஆல்பங்களுக்கும் இதே வழிதான்: ஒவ்வோர் ஆல்பமாகத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஆல்பத்தின் பெயரையே டேக்காகக் கொடுக்க வேண்டும். நாற்பது ஆல்பம் இருந்தால் ஒரு மாலை வேலை. வேறு குறுக்குவழி இல்லை.

மூன்றாவது திருத்தங்கள். ஃபோல்டரின் தலைப்பில் இருக்கும் டிஸ்க் குறியை அழுத்தினால் அந்த ஃபோல்டரில் திருத்திய படங்கள் எல்லாம் உண்மையாகவே எழுதப்படும். பழைய படம் அழியாது; பிகாசா ஒரிஜினல்ஸ் என்ற மறைவான உள்ஃபோல்டருக்குப் போய்விடும். இதனால் இடம் கூடுதலாகப் பிடிக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். டிஸ்க் நிறைந்துவிட்டதென்று யாரோ பின்னாளில் அந்த மறைவு ஃபோல்டரை அழிப்பதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து. அழித்தால் வெட்டாத மூலப் படம் திரும்பாது. மூலத்தைத் தொடவே வேண்டாம் என்று நினைப்பவர்கள் எக்ஸ்போர்ட் கொடுத்து, தரத்தை 'ஆட்டோமேட்டிக்' என்றே விட்டு, திருத்திய நகலைத் தனி ஃபோல்டரில் வாங்கிக்கொள்ளலாம்.

முகங்களைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. வெட்டிய படத்தைச் சேவ் செய்த பிறகு முகங்களை எழுதினால், சட்டம் வெட்டிய படத்தோடு ஒத்துப்போகும். முதலில் எழுதிவிட்டுப் பிறகு வெட்டினால் அல்லது திருப்பினால், சட்டம் நெற்றிக்கு மேலேயோ தோளிலேயோ போய் நிற்கும். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், நேம் டேக்ஸ் என்று போனால் பெயர்களைப் போட்டோவிலேயே சேமிக்கும் தேர்வு இருக்கிறது. ஆனால் அது இனிமேல் போடும் பெயர்களுக்கு மட்டும். ஏற்கெனவே போட்டவற்றுக்கு டூல்ஸ், எக்ஸ்பெரிமென்டல் என்ற பகுதியில் முகங்களை எக்ஸ்எம்பியில் (படத்துக்குள் தகவல் எழுதும் இன்னொரு பகுதி) எழுதும் கட்டளை தனியாக இருக்கிறது. மெனுவின் மூலையில் சோதனை முயற்சி என்ற பெயரில் கிடப்பதால் பலர் கண்ணில் படவே இல்லை. பத்துப் படமுள்ள ஒரு ஃபோல்டரில் இதைச் செய்து, வேறொரு மென்பொருளில் திறந்து பெயர்களும் சட்டமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடுங்கள். கட்டளை வரியில் இயங்கும் எக்ஸிஃப்டூல் தெரிந்தவர்கள் ரீஜன் நேம் என்ற புலத்தைக் கேட்டால் பெயர் வந்துவிடும். ஜேபெக்கில் மட்டுமே இது நம்பகமாக எழுதப்படுகிறது.

இதன் பக்கவிளைவு ஒன்று உண்டு. முகங்கள் எழுதப்பட்ட ஒவ்வொரு ஃபைலும் மாற்றப்பட்ட ஃபைல் ஆகிறது. தானாக இயங்கும் பேக்கப் வைத்திருப்பவர்களுக்கு, நூறு ஜிபி சேகரிப்பும் புதிதென்று மறுபடி மேலே ஏறத் தொடங்கும். ஏற்கெனவே கூகுள் ஃபோட்டோஸில் ஏற்றியிருந்தால் அதே படம் இரண்டிரண்டாக நிற்கும். ஒரு பைட் மாறினாலும் அந்தச் சேவைக்கு அது வேறு படம். பேக்கப்பை நிறுத்திவைத்துவிட்டு இந்த வேலையை முடியுங்கள்.

கூகுள் ஃபோட்டோஸ்

தேடல் பிரமாதம். டேக் எதுவும் போடாமலே கடற்கரை, பைக், பூனை என்று தேடினால் எடுத்துத் தருகிறது. ஒரே ஆளின் சின்ன வயதுப் படத்தையும் இப்போதைய படத்தையும் சேர்த்துக் கண்டுபிடிக்கும் திறமை பிகாசாவுக்கு இருந்ததில்லை. போன் தொலைந்தாலும் படம் இருக்கும். இவை சிறிய விஷயங்கள் இல்லை.

ஆனால் நீங்கள் ஏற்கெனவே செய்த வேலையை அது மதிப்பதில்லை. படத்துக்குள் எழுதிவைத்த முகப் பெயர்களைப் படிப்பதில்லை. தானே முகங்களைப் பிரித்து, பெயர் என்ன என்று உங்களிடம் முதலிலிருந்து கேட்கிறது. டேக்குகளும் அங்கே பயனில்லை. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக, 'சித்தி கல்யாணம்', அதற்குள் 'நிச்சயதார்த்தம்', 'வரவேற்பு' என்று அடுக்கியிருந்த ஒழுங்கு கலைந்து, எல்லாம் தேதி வாரியான ஒரே நீளமான வரிசையாகிவிடுகிறது. கேமராவில் எடுத்தவற்றுக்குத் தேதி சரியாக இருக்கும். ஸ்கேன் செய்த பழைய படங்களுக்கு? 1978இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தை 2012இல் ஸ்கேன் செய்திருந்தால், அது 2012இல் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே தேதியைத் திருத்தலாம்தான். அந்தத் திருத்தம் கூகுளின் டேட்டாபேஸில் மட்டும் நிற்கும், படத்துக்குள் போகாது. பின்னர் டேக்அவுட் என்ற கூகுளின் வசதி வழியாக மொத்தமாக இறக்கினால், திருத்திய தேதியும் விவரக் குறிப்பும் படத்தின் பக்கத்தில் தனியாக ஒரு ஜேசன் ஃபைலில் வரும். படத்தின் பெயர் நீளமாக இருந்தால் ஜேசன் ஃபைலின் பெயர் நடுவில் வெட்டுப்பட்டு, எது எதற்குரியது என்று இணைப்பதே தனி வேலையாகிவிடுகிறது. பிகாசாவில் ஐஎன்ஐ ஃபைலோடு பட்ட அதே பாடு, வேறு பெயரில்.

இடக் கணக்கும் மாறிவிட்டது. 16 மெகாபிக்சலுக்குள் சுருக்கிய படங்களுக்கு வரம்பில்லை என்றுதான் தொடக்கத்தில் இருந்தது. 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏற்றும் ஒவ்வொன்றும் ஜிமெயில், டிரைவ் இரண்டோடும் பங்குபோடும் 15 ஜிபிக்குள் அடங்க வேண்டும். கம்ப்யூட்டரிலிருந்து படம் ஏற்றும் கருவியும் நிலையாக இருக்கவில்லை. முதலில் ஒரு டெஸ்க்டாப் அப்லோடர் இருந்தது, 2017இல் பேக்கப் அண்ட் சிங்க் வந்தது, 2021இல் அதன் இடத்தில் டிரைவ் ஃபார் டெஸ்க்டாப். வெப் ஆல்பம்ஸிலிருந்த தலைப்புகள், கருத்துகள், டேக்குகள் ஆகியவற்றைப் பார்க்க ஆல்பம் ஆர்க்கைவ் என்று ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். 2023 ஜூலையில் அதுவும் மூடப்பட்டது. மாற்றாக வந்ததற்கும் மாற்று வந்துகொண்டே இருக்கும் என்று எண்ணித்தான் இந்தச் சேவையைப் பயன்படுத்த வேண்டும்.

பிகாசாவின் ஆட்கள் மட்டும் இப்படித் தவித்தார்கள் என்றில்லை. ஆப்பிள் தன் போட்டோ மென்பொருளான அப்பர்ச்சரை நிறுத்தப்போவதாக 2014 ஜூனில் சொன்னது. அடுத்த ஏப்ரலில் ஆப்பிளின் ஃபோட்டோஸ் வந்தபோது, புதியதில் ஸ்டார் மதிப்பீடும் நிறக் குறியும் இல்லை. ஆனால் பழைய ஸ்டார்களையும் நிறங்களையும் கொடிகளையும் அது தானாகவே டேக்குகளாக மாற்றி எடுத்துக்கொண்டது. மேலே நாங்கள் கையால் செய்யச் சொன்ன வேலையை ஆப்பிள் தானே செய்துகொடுத்தது. கூகுள் இதைச் செய்திருக்கலாம். செய்யாதது பயனர்களுக்குப் பெரிய இழப்பு.

டிஜிகேம்

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. படங்களை இருக்கும் ஃபோல்டரிலேயே வைத்துப் பார்க்கிறது. பிகாசா பழக்கத்துக்கு இது முக்கியம். முதல்முறை திறக்கும்போது படங்கள் எங்கே, டேட்டாபேஸ் எங்கே என்று கேட்கும். டேட்டாபேஸை கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எஸ்எஸ்டியில் வையுங்கள். நெட்வொர்க் டிரைவிலோ யூஎஸ்பி டிஸ்க்கிலோ வைத்தால் மெதுவாகும், கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு. படங்கள் வெளி டிஸ்க்கில் இருப்பதில் பிழையில்லை. ஃபைல்களில் தகவலை எழுதலாமா என்று ஒரு கேள்வி வரும். அதற்கு ஆம் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் பிகாசாவில் பட்ட பாட்டை இன்னொரு தரம் விதைப்பதாகிவிடும்.

பிறகு செட்டிங்ஸில் மெட்டாடேட்டா (படத்தோடு சேரும் தகவல்) பகுதிக்குப் போய் டேக், தலைப்பு, ரேட்டிங், முகங்கள் நான்குக்கும் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். முகங்களுக்குத் தனி டிக் உண்டு. ரா படங்களுக்குப் பக்கத்தில் எக்ஸ்எம்பி சைட்கார் என்ற தனித் தகவல் ஃபைலை எழுதும் தேர்வையும் போட்டுக்கொள்ளலாம். எழுதுவதைத் தள்ளிப்போடும் தேர்வு ஒன்றும் இருக்கிறது. வேகத்துக்காக வைத்தது; ஆனால் கரண்ட் போனால் எழுதாமல் நின்றவை நின்றவைதான். அதை அணைத்துவையுங்கள்.

பிகாசாவில் முறையாக எழுதிய முகங்கள், படங்களைச் சேர்த்ததுமே பீப்பிள் பகுதியில் பெயரோடு வந்து நிற்கும். வராவிட்டால் பெரும்பாலும் காரணம் ஒன்றே: டிஜிகேம் படித்து முடித்த பிறகு பிகாசாவில் முகங்களை எழுதியிருப்பீர்கள். டூல்ஸில் மெயின்டெனன்ஸ் திறந்து மெட்டாடேட்டாவையும் டேட்டாபேஸையும் ஒத்திசைக்கும் வேலையைக் கொடுங்கள். இங்கே திசை முக்கியம். படத்திலிருந்து டேட்டாபேஸுக்கு என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால், காலியாக இருக்கும் டேட்டாபேஸ் படத்தில் இருப்பதன் மேல் எழுதப்படும். முன்பே எடுத்த காப்பி உதவுவது இந்த இடத்தில்தான்.

முகம் தேடும் வசதி 2020இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து நன்றாகவே தேறியிருக்கிறது. சில நூறு எம்பி அளவுள்ள துணை ஃபைல்களை ஒருமுறை இறக்கிக்கொள்ளும். அதன் பிறகு எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே நடக்கிறது. தேடச் சொல்லும்போது, முன்பு பார்த்த படங்களை விட்டுவிடும் தேர்வை வையுங்கள். பெரிய சேகரிப்பென்றால் இரவில் ஓடவிட்டு காலையில் பாருங்கள்.

தமிழில் டேக் எழுதுபவர்களுக்கு மட்டும் இரண்டு தொல்லைகள் உண்டு. ஐபிடிசி தரத்தில் ஒரு டேக்குக்கு 64 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறிக்கு மூன்று. அதிலும் 'ம்' என்பது கம்ப்யூட்டருக்கு ம ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு குறி. அதனால் 'அம்மாச்சி வீடு காரைக்குடி' என்ற டேக் 71 பைட் ஆகிவிடுகிறது. தரத்தைக் கறாராகப் பின்பற்றும் மென்பொருள் அதை 'அம்மாச்சி வீடு காரைக்க' என்று அறுத்துவிடும். பாதியில் அறுந்த குறி இருந்த இடத்தில் கேள்விக்குறியோ கட்டமோ நிற்கும். எக்ஸ்எம்பியில் இந்த வரம்பு இல்லை, டிஜிகேம் அதிலும் எழுதுகிறது. பிகாசாவில் இருக்கும்போது டேக்கைச் சிறியதாக வையுங்கள். டிஜிகேமுக்கு வந்த பிறகு 'ஊர்' என்ற டேக்குக்கு அடியில் 'காரைக்குடி', அதற்கு அடியில் 'அம்மாச்சி வீடு' என்று கிளை பிரித்துக்கொள்ளலாம். தேடவும் அதுதான் வசதி.

இரண்டாவது, பழைய மேக்கிலிருந்து வந்த ஃபோல்டர்களுக்கு. 'பொங்கல்' என்ற சொல்லில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பழைய மேக் டிஸ்க் வடிவம் பெயர்களை இரண்டாகப் பிரித்தே வைத்திருந்தது. அதை விண்டோஸுக்குக் கொண்டுவந்தால், ஐஎன்ஐ ஃபைலில் இருக்கும் படப் பெயரும் டிஸ்க்கில் இருக்கும் படப் பெயரும் வேறுவேறாகி, திருத்தங்கள் ஒட்டாமல் போகலாம். ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தால் இதுதான் காரணம். மாற்றுவதற்கு முன்பே படங்களின் பெயரை வெறும் எண்களாக்கிவிட்டால் இந்தத் தொல்லை வராது; தமிழ் தலைப்பிலும் டேக்கிலும் இருக்கட்டும்.

பிகாசாவின் 'ஐயாம் ஃபீலிங் லக்கி' போல ஒரே பொத்தானில் படம் பளிச்சென்று ஆவதற்கு டிஜிகேமில் நேர்மாற்று இல்லை. தானாகத் திருத்தும் கருவி இருக்கிறது, ஆனால் தனி எடிட்டரைத் திறந்து, ஐந்து வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சேவ் செய்ய வேண்டும். சேவ் செய்தால் பழைய படத்தின் பக்கத்தில் புதிய பதிப்பு ஒன்று முளைக்கும். நூறு படம் திருத்தினால் இருநூறு ஃபைல். கொலாஜ் செய்வதில் பிகாசாவின் சுலபம் இங்கே கிடையாது. திருப்புவது, வெட்டுவது, சிவந்த கண்ணைச் சரிசெய்வது எல்லாம் உண்டு. மெனுக்கள் மிக அதிகம். வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தப்போகிறார்கள் என்றால் பக்கப் பலகைகளில் தேவையற்றவற்றை மூடிவைத்துக் கொடுங்கள்.

பிகாசாவிலேயே இருந்துவிட்டால்

விண்டோஸ் 11இலும் 3.9 ஓடுகிறது. மேக்கில் 2019இல் வந்த கேட்டலினா முதல் ஓடாது, 32 பிட் மென்பொருள் என்பதால். இணையத்தோடு தொடர்புள்ள எதுவும் வேலை செய்யாது: அப்லோடு, கணக்கில் நுழைவது, வரைபடம். 2017 முதல் ஐபோன்கள் எடுக்கும் ஹெய்க் (HEIC) வகைப் படங்களை அது காட்டாது, அதனால் படம் காணாமல் போனதாகவே தோன்றும். 2016க்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தமும் வரவில்லை; ஊர் பேர் தெரியாத இடத்திலிருந்து வந்த படங்களை அதில் திறக்காதீர்கள். இன்ஸ்டாலரை வேறு தளங்களிலிருந்து இறக்குபவர்கள் ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் கையொப்பம் கூகுள் நிறுவனத்துடையதாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திறக்க வேண்டும். பழைய சேகரிப்பைப் பார்க்கவும், மேலே சொன்ன வெளியேற்ற வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம். புதிய படங்களை இனி அதில் சேர்க்க வேண்டாம்.

பழைய கம்ப்யூட்டர் ஏற்கெனவே போய்விட்டது, போட்டோ ஃபோல்டர்கள் மட்டும்தான் மிச்சம் என்றால்? முழுதாகக் கைவிட வேண்டியதில்லை. ஏதாவது ஒரு ஃபோல்டரில் மறைவான ஃபைல்களைக் காட்டச் சொல்லி, ஐஎன்ஐ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதற்குள் கான்டாக்ட்ஸ் என்று தொடங்கும் தலைப்பைத் தேடுங்கள்; அதன் கீழே ஆள் குறியும் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அது இருந்தால் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் பிகாசாவை நிறுவி, அந்த ஃபோல்டர்களைக் காட்டினால், திருத்தங்கள், ஸ்டார்களோடு பெயர்களும் திரும்ப வர வாய்ப்பு அதிகம். கான்டாக்ட்ஸ் பகுதி இல்லாமல் குறிகள் மட்டும் இருந்தால் சட்டங்கள் மிஞ்சும், பெயர்களை மீண்டும் எழுத வேண்டிவரும். ஒருவருக்கு எல்லாப் படத்திலும் ஒரே குறி என்பதால், யாருடையது என்று ஒரு படத்தில் கண்டுபிடித்தால் மற்றவற்றுக்கும் அதுவே விடை. குறி முழுதும் ஒரே எழுத்தாகத் திரும்பத் திரும்ப வந்திருந்தால், அந்த முகத்துக்கு அப்போதே யாரும் பெயர் கொடுக்கவில்லை.